இரண்டு முள்ளும் ஒரே பக்கம் சாய்ந்தபோது: பழைய காரின் மீட்டர் பழுது, ஒரு நிகழ்வு ஆய்வு

பங்குனி மாதம், காலை பத்தரை மணி. திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ஒட்டன்சத்திரம் தாண்டிச் சில கிலோமீட்டரில் வண்டி இரண்டு தரம் வெட்டி வெட்டி இழுத்துவிட்டு நின்றுபோனது. பின்சீட்டில் அம்மா. நிற்பதற்கு முந்தின நொடி வரை பெட்ரோல் முள் கால் டேங்கில் நின்றது. என் வண்டியில் கால் டேங்க் என்றால் பத்து லிட்டர். அதனால் பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பானெட்டைத் திறந்து பிளக் ஒயரைப் பார்த்தேன், பாயிண்ட்டைப் பார்த்தேன். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் டியூபைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, ஒரு சொட்டு இல்லை. பைக்கில் வந்த ஒருவர் என்னைப் பங்க் வரை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அந்த முக்கால் மணி நேரமும் அம்மா புளியமர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மீட்டரை என் கையாலேயே பார்த்துவிட வேண்டும் என்று.

பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் தப்பான இடத்தில் தேடினேன். எங்கே தப்பினேன், எது வழி காட்டியது என்பதை வரிசையாக எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இதே சிக்கல் வரலாம். சரிசெய்ய ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

வண்டியும் அதன் முன்கதையும்

அப்பா வாங்கிய 1984 மாடல் பெட்ரோல் கார். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் இரும்பு பாடியோடு சேர்ந்திருக்கும், அந்தப் பாடிதான் எர்த்), ஆல்டர்னேட்டர் உண்டு. மீட்டர் போர்டில் நடுவே கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர். இடப்பக்கம் பெட்ரோல் மீட்டர், வலப்பக்கம் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர். எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது.

தை மாதம் வண்டிக்கு டிங்கரிங், பெயின்ட் வேலை நடந்தது. டேஷ்போர்டு தகட்டையும் முழுசாகக் கழற்றி, துரு சுரண்டி, புது பெயின்ட் அடித்து மாட்டினார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. வண்டி திரும்பி வந்த வாரத்திலேயே ஹீட் முள் வழக்கத்துக்கு மேலே நிற்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் நடுவில் அசையாமல் நிற்கும் முள், இப்போது முக்காலைத் தாண்டி சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்தது. இஞ்சின் சூடாகிறது என்று பயந்து ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்க ராடிங் போட்டேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ஃபேன் பெல்ட்டும் புதிது. முள் இறங்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கவில்லை, பெட்ரோல் குடிப்பது கூடவில்லை, இழுவையும் குறையவில்லை. இஞ்சின் நன்றாக இருக்கிறது என்று வண்டியே சொல்லிக்கொண்டிருந்தது. நான் முள்ளைத்தான் நம்பினேன்.

பழனி ரோட்டில் நின்ற பிறகு சந்தேகம் பெட்ரோல் மீட்டர் பக்கம் திரும்பியது. சென்னை போயிருந்தபோது புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய பெட்ரோல் மீட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் அச்சு அசலாக அதே இடத்தில்தான் நின்றது. இரண்டு வெவ்வேறு மீட்டர், ஒரே தப்பு. அந்த இடத்திலேயே நான் நிதானித்திருக்க வேண்டும். புதுப்பேட்டைச் சரக்கும் கெட்டது என்று நினைத்து இன்னும் ஒரு வாரத்தை வீணாக்கினேன். அதுவரை ஆன செலவு 3,400 ரூபாய். ஒரு ரூபாய்கூடப் பழுது இருந்த இடத்துக்குப் போகவில்லை.

ஒரு கேள்வி

திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷத் தொழில். வண்டியை எடுத்துப்போகவில்லை, போனில்தான் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, ராத்திரியில ஹெட்லைட்டப் போட்டா முள்ளு எறங்குதா?”

“கவனிச்சதில்லண்ணே.”

“பாத்துட்டுச் சொல்லுங்க. ரெண்டு முள்ளயும் பாருங்க.”

அன்று இரவு வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஓட விட்டேன். முள் இரண்டும் ஒரு நிலைக்கு வந்தபின், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கில் ஹெட்லைட்டைப் போட்டேன், வைப்பரையும் ஓட விட்டேன். ஹீட் முள் மெல்ல, கண்ணுக்குத் தெரிய, ஒரு கோடு அளவுக்கு இறங்கியது. பெட்ரோல் முள்ளும் அதோடு சேர்ந்து இறங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து ஏறின. லைட்டை அணைத்தேன், இன்னும் கொஞ்சம் ஏறின.

இஞ்சினில் இருக்கும் தண்ணீர் அரை நிமிடத்தில் ஆறிச் சூடாகாது. நிற்கிற வண்டியில் பெட்ரோல் கூடிக் குறையாது. ஹெட்லைட்டுக்கும் ஆக்சிலரேட்டருக்கும் ஏற்றபடி மாறுவது ஒன்றே ஒன்றுதான், பேட்டரி லைனின் வோல்டேஜ். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். லைட் எரியும்போது ஐட்லிங்கில் 12.3, லைட்டை அணைத்து மிதித்தால் 14.1. பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் வோல்ட்மீட்டர் வேலை செய்துகொண்டிருந்தன.

இந்த மீட்டர்கள் எப்படி வேலை செய்கின்றன

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய கார்களில் பெட்ரோல் மீட்டர் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்றில் இரண்டு காயில் இருக்கும். இரண்டு காந்த இழுப்புகளுக்கு நடுவே முள் நிற்கும். வோல்டேஜ் ஏறினால் இரண்டு இழுப்பும் சேர்ந்தே ஏறும், ஆகவே முள் இடம் மாறாது. ஆனால் டேங்கில் பெட்ரோல் அலம்பும்போதெல்லாம் முள்ளும் ஆடும். சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று துள்ளினால் அது இந்த விதம்.

இன்னொன்று பைமெட்டல் விதம். 1960-களில் பிரிட்டிஷ் கார்களில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மீட்டர்கள் வழியாக இது பரவலானது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி மெல்லிய ஒயர். ஒயரில் கரண்ட் ஓடினால் பட்டை சூடாகி வளைகிறது, அந்த வளைவு முள்ளைத் தள்ளுகிறது. எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை டேங்க்குக்குள் மிதவையோடு இருக்கும் டேங்க் யூனிட் தன் தடையைக் கூட்டிக் குறைத்துத் தீர்மானிக்கிறது; ஹீட் மீட்டருக்கு அந்த வேலையை இஞ்சினில் இருக்கும் சென்சார் செய்கிறது. சாவியைத் திருப்பினால் முள் சாவகாசமாக ஏறும். சூடேற நேரம் ஆவதால் பெட்ரோல் அலம்பினாலும் முள் அமைதியாக நிற்கும். என் வண்டியில் இருப்பது இதுதான்.

இந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. பட்டையின் சூடு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 வோல்ட்டில் ஓட வேண்டிய மீட்டருக்கு 14 வோல்ட் கிடைத்தால் கரண்ட் 1.4 மடங்கு, சூடு 1.96 மடங்கு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேட்டரியோ ஒரு நிலையில் நிற்காது. அதனால் மீட்டர்களுக்கு முன்னால் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்ன டப்பியை வைத்தார்கள். பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி அது பார்த்துக்கொள்ளும்.

டப்பிக்குள் இருப்பதும் ஒரு பைமெட்டல் பட்டைதான், கூடவே ஒரு ஜோடி கான்டாக்ட். கான்டாக்ட் சேர்ந்திருக்கும்போது முழு பேட்டரி வோல்டேஜ் மீட்டருக்குப் போகும். அதே நேரம் பட்டையைச் சுற்றிய ஒயர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்கு ஓடிப் பட்டையைச் சூடாக்கும். பட்டை வளைந்து கான்டாக்ட் விலகும். சூடு ஆறியதும் மறுபடி சேரும். ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை இது நடந்துகொண்டே இருக்கும். பேட்டரி வோல்டேஜ் கூடினால் சீக்கிரம் சூடாகி, சேர்ந்திருக்கும் நேரம் குறையும். சராசரி 10 வோல்ட்டிலேயே நிற்கும். ஒரு சிப்பும் இல்லாமல் இதைச் சாதித்தவர்களின் மூளையை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

இப்போது அந்த எர்த்தை மட்டும் அறுத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். சூடேற்றும் ஒயரில் கரண்ட் ஓடாது. பட்டை சூடாகாது. கான்டாக்ட் விலகவே விலகாது. பேட்டரியின் முழு வோல்டேஜும் நேராக இரண்டு மீட்டருக்கும் போகும். இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே நிற்கும். ஹெட்லைட்டைப் போட்டால் சேர்ந்து இறங்கும்.

மீட்டர் போர்டைத் திறந்தபோது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். மீட்டர் போர்டுக்குப் பின்னால் எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர்களும் உண்டு. திருப்புளி வழுக்கி ஒன்றைத் தகட்டில் உரசினால் ஒயரிங் புகைந்துவிடும். ஸ்பீடோ கேபிளின் நட்டைக் கையால் தளர்த்திக் கழற்றி, போர்டை ஒரு சாண் முன்னால் இழுத்துச் சாய்த்தேன். ஒரு ஒயரைக்கூடப் பிடுங்குவதற்கு முன்னால் போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு ஒயரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அது எங்கிருந்து வந்தது என்று எழுதினேன். நாற்பது வருஷத்தில் பச்சையும் பழுப்பும் ஒரே நிறமாகிவிட்டன, நிறத்தை நம்ப முடியாது.

ஸ்டெபிலைசர் தீப்பெட்டியைவிடச் சிறியது. தகர மூடி, டேஷ் தகட்டின் பின்புறத்தில் ஒரே ஸ்குரூவில் நிற்கிறது. ‘பி’ என்ற எழுத்துள்ள முனைக்கு பேட்டரி ஒயர் வருகிறது, ‘ஐ’ முனையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் ஒயர் போகிறது. எர்த்துக்கு என்று தனி ஒயர் கிடையாது. அந்தத் தகர மூடியும் ஸ்குரூவும்தான் எர்த்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகர மூடியிலும், இன்னொன்றைக் காரின் பாடியில் சுரண்டிய இடத்திலும் வைத்தேன். ஓம் அளவில் எதுவுமே காட்டவில்லை. தொடர்பு முழுக்க அறுந்திருந்தது. ஸ்குரூவைக் கழற்றினேன். அடியில் கிரீம் நிற பெயின்ட், கண்ணாடி மாதிரி வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஸ்குரூ போகும் துளையின் சுவர் வரைக்கும் பெயின்ட் இறங்கியிருந்தது. ஸ்குரூ தலைக்கு அடியிலும் பெயின்ட், அதன் மரைகளில் பழைய துரு. வேலை செய்தவர் ஒரு இடம் விடாமல் நன்றாகவே அடித்திருக்கிறார். இந்த ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் இருக்கக் கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

உப்புத்தாளை மடித்து, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தேன். முதலில் கிரீம் நிறம், அதற்குக் கீழே சாம்பல் நிற பிரைமர், அதற்கும் கீழே அப்பா காலத்துக் கறுப்பு, கடைசியில் வெள்ளையாக இரும்பு. புது ஸ்குரூ, தகட்டைக் கடித்துப் பிடிக்க ஒரு ஸ்டார் வாஷர், மேலே துரு பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் வாசலின். மாட்டும்போது டப்பியின் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வரவேண்டும். கவிழ்த்தோ படுக்கவைத்தோ மாட்டினால் உள்ளே சூடு பரவும் விதம் மாறி அளவு தப்பும்.

பேட்டரியை மாட்டி, ‘ஐ’ முனையில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைத் தொட வைத்துச் சாவியைத் திருப்பினேன். பல்ப் எரிந்தது, சில நொடியில் அணைந்தது, மறுபடி எரிந்தது. பிறகு சீராகக் கண் சிமிட்டத் தொடங்கியது. இந்தச் சோதனைக்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் உதவாது. எண்கள் தாறுமாறாகத் துள்ளும், டப்பி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பல்ப் அல்லது முள் வைத்த பழைய மீட்டர்தான் சரி.

அன்று மாலை வத்தலக்குண்டு வரை ஓட்டினேன். ஹீட் முள் நடுவில் வந்து நின்றது. லைட்டைப் போட்டேன். அசையவில்லை.

இரண்டாவது பழுது

இதோடு முடிந்தது என்று நினைத்தால், பெட்ரோல் மீட்டர் இன்னும் ஒரு பொய்யை வைத்திருந்தது. முழு டேங்கையும் வடித்துப் பார்த்தேன். காலி டேங்க்கிலும் முள் காலிக் கோட்டில் உட்காரவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை தள்ளி நின்றது. சின்ன வித்தியாசம்தான், விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபோது விட முடியவில்லை.

என் மீட்டரின் தடை 65 ஓம். டேங்க் யூனிட் காலியில் 240 ஓம் அளவுக்கும், நிறைந்தால் 20 முதல் 30 ஓம் வரையிலும் காட்ட வேண்டிய வகை. டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றி அளந்தேன். காலி டேங்க்கில் 150 ஓம் மட்டுமே காட்டியது. மிதவை முழுசாகக் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். 10 வோல்ட்டில் இது முள்ளை மயிரிழை அளவுதான் தூக்கும். 14 வோல்ட் போனால் அதே 150 ஓம் கால் டேங்க் அளவுக்குத் தூக்கிவிடும். யூனிட் மட்டும் சரியாக இருந்திருந்தால், எர்த் இல்லாமலும் முள் காலிக் கோட்டுக்குச் சற்று மேலேதான் நின்றிருக்கும், நானும் பங்க்கைத் தேடியிருப்பேன். இரண்டு பழுதும் சேர்ந்துதான் பழனி ரோட்டில் எங்களை நிறுத்தின.

டேங்க் வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. டிக்கியின் அடியிலும் தரையோரத்திலும் தேங்கி நிற்கும். ஒரு சின்னப் பொறி போதும். பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், பேட்டரியை முழுசாக வண்டியை விட்டு இறக்கிவைத்துவிட்டுச் செய்தேன். பெட்ரோலை வாயால் உறிஞ்சாமல் கைப்பம்பால் வடித்தேன். டேங்க் யூனிட்டைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டினால் பொறி வரும், அதற்காக ஒரு பித்தளைத் துண்டை வைத்து, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித் திருப்பினேன். அரை மணி நேரம் பிடித்தது. பக்கத்தில் யாரையும் பீடி சிகரெட்டோடு வரவிடவில்லை.

வெளியே எடுத்த யூனிட்டைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. மிதவைக் கம்பி திரும்பும் முளையைச் சுற்றி, பலாப்பிசின் மாதிரி பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. பல வருஷம் பாதி டேங்க்கில் நின்ற வண்டிகளில் பழைய பெட்ரோல் விட்டுப்போகும் பசை அது. கையால் மிதவையைத் தூக்கி விட்டால் தளர்வாக இறங்கி, முக்கால் வழியில் அப்படியே தொங்கியது. விரலால் அழுத்தினால் மட்டும் மிச்சத் தூரம் போனது.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன், உள்ளே சத்தம் இல்லை. பித்தளை மிதவைகளில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் உள்ளே போய்விடும். அப்படிப் போயிருந்தால் அதை ஈயம் வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள். உள்ளே ஒரு சொட்டு பெட்ரோலின் ஆவி இருந்தாலும் வெடிக்கும். புது மிதவை வாங்குவதுதான் வழி.

முளையில் தின்னரைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, பசை இளகியதும் பழைய பல்துலக்கியால் துடைத்தேன். மூன்று முறை. அதன் பிறகு மிதவையை எந்த உயரத்தில் விட்டாலும் தன் எடையிலேயே அடி வரை போய் ‘டிக்’ என்று தட்டி நின்றது. அந்தச் சத்தத்துக்காகவே பத்துத் தடவை தூக்கித் தூக்கி விட்டேன்.

உள்ளே இருக்கும் தடைச்சுருள், ஒரு தட்டையான பட்டையில் தலைமயிரைவிடக் கொஞ்சமே தடித்த கம்பியைச் சுற்றியது. அதன்மேல் ஒரு சின்ன செம்பு நாக்கு உரசிக்கொண்டே நகரும். முள் வைத்த மீட்டரை மாட்டி மிதவையை மெதுவாகத் தூக்கினேன். 100 ஓமுக்கு அருகே ஒரு இடத்தில் மட்டும் முள் தாவியது. எப்போதும் அரை டேங்க்குக்குக் கொஞ்சம் கீழேயே ஓட்டும் பழக்கம், நாக்கு அங்கேயே உரசி உரசி அழுக்கு படிந்திருந்தது. இங்கே உப்புத்தாள் கூடவே கூடாது, கம்பி அறுந்தால் யூனிட்டே போய்விடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் கம்பியின் நீளவாக்கிலேயே நாலு இழுப்பு. நாக்கை ஒரு துளி மட்டும் உள்நோக்கி வளைத்தேன். தாவல் நின்றது. அடியில் 238 ஓம், உச்சியில் 24.

புது ரப்பர் வாஷர் போட்டு மாட்டியபின் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி அளந்தேன். ஐந்து லிட்டரில் 175 ஓம், பத்தில் 120, இருபதில் 70, முப்பதில் 40. ஒவ்வொரு அளவிலும் ஐந்து நிமிடம் பொறுத்து, முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். உங்கள் வண்டியில் இந்த எண்கள் இருக்க வேண்டும் என்று இல்லை. காலியில் பூஜ்யம், நிறைந்தால் 90 ஓம் காட்டும் வகையும் உண்டு. காலியில் 10, நிறைந்தால் 180 காட்டும் வகையும் உண்டு. இரண்டுமே என் யூனிட்டுக்குத் தலைகீழாக ஓடுபவை. வேறு வகை யூனிட்டை வாங்கி மாட்டிவிட்டு மீட்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

ஹீட் சென்சாரையும் விட்டுவைக்கவில்லை. அதை இஞ்சினிலிருந்து கழற்றி, அடுப்பில் ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணீரில், அதன் உலோக முனை மட்டும் முங்கும்படி கம்பியில் தொங்கவிட்டேன். கூடவே ஒரு தெர்மாமீட்டர். 30 டிகிரியில் 410 ஓம், 60-இல் 145, 85-இல் 70, கொதிக்கும் சமயத்தில் 50. சூடு ஏற ஏறத் தடை வழவழவென்று இறங்கியது, எங்கும் துள்ளவில்லை. சென்சாருக்குக் குறை இல்லை. மாற்றிய தெர்மோஸ்டாட்டும் வீண்தான் என்று அந்தப் பாத்திரத்தைப் பார்த்தபடியே புரிந்தது.

டப்பியின் முடிவு

பன்னிரண்டு நாள் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு வேகத்தடையில் இறங்கியதும் இரண்டு முள்ளும் ஒன்றாகச் செத்து விழுந்தன. அடுத்த குலுக்கலில் எழுந்தன. இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். டப்பியின் மடிப்பை நிமிர்த்தி மூடியைத் திறந்தேன். கான்டாக்ட் இரண்டும் கரிந்து குழி விழுந்திருந்தன. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை என்று நாற்பது வருஷம் திறந்து மூடிய கான்டாக்ட், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மாற்றாக 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஐ.சி.யை வைத்தேன். சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே 12, 14 எது வந்தாலும் வெளியே நிதானமாக 10 வோல்ட் தரும். எழுத்து தெரியும்படி பிடித்துப் பார்த்தால் இடது கால் உள்வரவு, நடுக்கால் எர்த், வலது கால் வெளியீடு. உள்வரவுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.33 மைக்ரோஃபாரட், வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பேட்டரி ஒயரில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு மீட்டரும் சேர்ந்து முழு அளவில் இழுத்தாலும் 0.25 ஆம்பியரைத் தொடாது. ஐ.சி.யில் வீணாகும் சூடு ஒரு வாட்டுக்குள்தான். அதன் உலோக முதுகை டேஷ் தகட்டில் ஸ்குரூ செய்தால் தகடே சூட்டை வாங்கிக்கொள்ளும், எர்த்தும் அந்த வழியாகவே கிடைத்துவிடும். நான் ஸ்குரூவை மட்டும் நம்பாமல் எர்த்துக்குத் தனி ஒயர் ஒன்றையும் இழுத்தேன். எல்லாவற்றையும் பழைய தகர மூடிக்குள்ளேயே அடக்கி, மூடியை மறுபடி மடித்துவிட்டேன். வெளியே பார்த்தால் அப்பா காலத்து டப்பிதான்.

உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால் இதை அப்படியே செய்துவிடாதீர்கள். 7810 அதற்குப் பொருந்தாது.

போர்டு திறந்திருக்கும்போதே ஸ்பீடோ கேபிளையும் உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கிரீஸ் தடவினேன். மேல்முனையில் நாலு விரல்கடை நீளத்துக்குக் கிரீஸ் தடவவில்லை, தடவினால் அது சுழன்று ஏறி மீட்டருக்குள் போய்விடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கிக்கொண்டிருந்த முள் இப்போது நடுங்குவதில்லை.

போன மாதம் அம்மாவோடு கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஹீட் முள் நடுவை விட்டு மெல்ல எழுந்தது. செகண்ட் கியரில் வளைவு வளைவாக ஏறும்போது அரைக்கோடு, முக்கால் கோடு. வெள்ளி நீர்வீழ்ச்சி ஓரத்தில் நிறுத்தியபோது ஒரு கோடு மேலே. பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், முள் சொன்ன அளவுக்கே சூடு. கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். சமதளம் வந்ததும் முள் பழைய இடத்துக்கு இறங்கி நின்றது. பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார், “பெட்ரோல் எவ்வளவு இருக்கு?”

முள்ளைப் பார்த்தேன். “பதினேழு லிட்டர் இருக்கும்மா.”

ஊருக்கு வந்து டேங்க்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது, அரை லிட்டர்தான் வித்தியாசம்.